உடை என்றால் எந்த மரம்?

உடை மரம் என்றதும் உங்களுக்கு எந்த மரம் ஞாபகத்துக்கு வருது? நம்ம சங்கரன்கோவில் பக்கம் பெரும்பாலும் சீமைக் கருவேலத்தைத்தான் கையைக் காட்டுவாங்க. குளத்துக்குள்ளேயும் தரிசிலேயும் புதர் புதராய் நிற்கிறதே, அது.

ஆனால் உடை என்பது சங்கப் பாடல்களிலேயே உள்ள பழைய பெயர். சீமைக் கருவேலம் இந்த நாட்டுக்கு வந்து நூற்றைம்பது வருஷம்கூட ஆகவில்லை. அப்படியானால் அந்தப் பெயருக்குச் சொந்தக்கார மரம் எது?

அதுதான் குடைவேல். விவரம் தெரிந்த பெரியவர்கள் நாட்டு உடை என்பார்கள். உச்சி தட்டையாய், குடையை விரித்து வைத்த மாதிரி நிற்கும். வெள்ளை முள் ஜோடி ஜோடியாக இருக்கும். சில ஜோடி ஊசி போல நீளம், சில குட்டையாய் வளைந்தவை. பூ வெள்ளையாய், சின்னப் பந்து போல உருண்டு கொத்தாக வரும். நெற்று தடித்துச் சுருண்டிருக்கும். ஆடு விரும்பித் தின்னும். கிடை அடைக்கவும் வேலி போடவும் முள், அடுப்புக்கு விறகு, உச்சி வெயிலில் ஆட்டுக்கும் ஆளுக்கும் நிழல். இவ்வளவையும் தண்ணீர் கேட்காமல் கொடுத்த மரம்.

தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதற்குத் தாய்வீடு. அதிலும் பழைய திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமையின் வறண்ட காடுதான் இதன் கோட்டை. 1834-இல் ராபர்ட் வைட், வாக்கர் ஆர்னாட் என்ற இரண்டு தாவர அறிஞர்கள் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார்கள். 1968-இல் சாம்பியன், சேத் இருவரும் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது, குடைவேல் காடு என்றே ஒரு வகையைத் தனியாகச் சேர்த்தார்கள். ஒரு முள்மரத்துக்கு இது சின்ன மரியாதை இல்லை.

இனி வந்தவர் கதை. தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய 1876-இல், சென்னை மாகாண வன அதிகாரி பெடோம், வறண்ட நிலத்துக்கு ஏற்ற மரமென்று சீமைக் கருவேல விதை கேட்டு அரசாங்கத்துக்கு எழுதினார். ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. 1878-இல் கடப்பைச் சீமை கமலாபுரத்தில் நட்டார்கள். அவர்களை நான் ஏசமாட்டேன். அன்றைக்கு விறகு தேவை. பின்னாளில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்களும் நம்ம ஜில்லாவில் ஏராளம். ஆனால் அதன் இனிப்பு நெற்றை ஆடு மாடு தின்று, புழுக்கையும் சாணமும் விழுந்த இடமெல்லாம் முளைத்தது. வெட்ட வெட்டத் தழைத்தது. குடைவேல் நின்ற இடத்தைப் பிடித்தது, பெயரையும் எடுத்துக்கொண்டது. சீமை உடை என்று ஆரம்பித்து, 'சீமை' உதிர்ந்து, வெறும் உடை ஆகிவிட்டது.

பெயர் போனால் என்ன என்று கேட்பீர்கள். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னது. 2022-இல் தமிழக அரசும் அதற்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. நல்ல காரியம்தான். ஒரு கிராமத்துக் குளத்தில் ஜேசிபி வேலை நடக்கிறதென்று கேள்விப்பட்டுப் போனேன். நான் போவதற்குள் கரையோரம் நின்ற இரண்டு குடைவேலும் வேரோடு சாய்ந்து கிடந்தன. வண்டி ஓட்டின தம்பியைக் கேட்டால், "உடையை எடுக்கச் சொன்னாங்க சார், எடுத்தேன்" என்கிறார். அவர் மேல் தப்பு இல்லை. பக்கத்தில் ஆடு மேய்த்த பெரியவர்தான், "நிழலு போச்சே அய்யா" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அடையாளம் லேசுதான். சீமைக்குப் பூ பச்சை மஞ்சளாய், வால் போல நீளும். நெற்று மஞ்சளாய் நீளமாய்த் தொங்கும். குடைவேலுக்குப் பூ வெள்ளைப் பந்து, நெற்று சுருள். பூ இல்லாத காலத்தில் உச்சியைப் பாருங்கள். உங்கள் ஊரில் வேலை நடக்கும் முன்னால், நாட்டு மரத்துக்கு அடியில் ஒரு பட்டை சுண்ணாம்பு அடித்து வையுங்கள்.

விதையின் தோல் கெட்டி. கொதித்த தண்ணீரை இறக்கி வைத்து, அதில் விதையைப் போட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, காலையில் பையில் ஊன்றலாம். எங்கேயாவது சுருள் நெற்று கண்ணில் பட்டால் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவாருங்கள். நாற்று நான் போட்டுத் தருகிறேன்.