மாதத்துக்கு முப்பதாயிரம்!

ஹோண்டாவையும் ஃபுஜிசாவாவையும் போன வாரம் ஐரோப்பாவில் விட்டுவிட்டு வந்தோம். அங்கே பார்த்த குட்டி மோட்டார்கள் எதுவும் ஃபுஜிசாவாவுக்குப் பிடிக்கவில்லை. வாருங்கள், ஜப்பானுக்குப் போவோம்.

சோய்சிரோ ஹோண்டா இயந்திரப் பித்தர். டாகேயோ ஃபுஜிசாவா வியாபாரி. கம்பெனியின் பணப்பெட்டி இவர் கையில். இவர் கேட்டது வினோதமான வண்டி. ஒரு கையில் நூடல்ஸ் தட்டு, மறு கையில் ஹேண்டில். சாப்பாட்டுக்கடைப் பையன் அப்படியே ஓட்ட வேண்டும்! அதனால் இடது கைக்கு வேலையில்லை. கிளட்ச் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

இந்தக் கிளட்சை மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது இஞ்சின். 50 சிசிதானே, டூ ஸ்ட்ரோக் போதும் என்பதுதான் அன்றைய வழக்கம். பாகம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் அதில் புது எண்ணெய் நுழையும்போதே புகை போகும் வழியும் திறந்திருக்கும். எரியாத எண்ணெய் புகையோடு ஓடிவிடும். காசு கொடுத்து ஊற்றிய எண்ணெய்!

ஹோண்டா ஒப்பவில்லை. ஃபோர் ஸ்ட்ரோக்தான் என்று நின்றார். திறக்கவும் மூடவும் வால்வுகள் காவல். ஆனால் அந்தச் சின்னத் தலைக்குள் வால்வும் பிளக்கும் எப்படி அடங்கும்? பிளக்கையே 10 மில்லிமீட்டருக்குச் சுருக்கினார்கள். கிடைத்தது 4.5 குதிரைத்திறன். இன்று ஜெஞ்சாரோம் செம்பனைத் தோட்டங்களில் ஓடும் கப்சாய் மோட்டார்களுக்கு இதுதான் பாட்டன்.

மாதிரி வண்டி தயார். ஃபுஜிசாவா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

எத்தனை விற்கும் என்று கேட்டார் ஹோண்டா.

முப்பதாயிரம் என்றார்.

வருஷத்துக்கா என்றது கூட இருந்த ஒரு குரல்.

மாதத்துக்கு!

எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது. அன்றைய ஹோண்டா விற்பனை அந்த எண்ணின் பக்கத்தில்கூட வராது. ஃபுஜிசாவா வாய்ச்சவடால்காரர் இல்லை என்பதுதான் இன்னும் பயம். மோட்டாரே வாங்கியிராதவர்களை எண்ணித்தான் அவர் கணக்குப் போட்டிருந்தார் என்பது என் எண்ணம்.

1958 ஆகஸ்டில் அந்த வண்டி சூப்பர் கப் என்ற பெயரில் கடைக்கு வந்தது. விலை 55,000 யென்.

சில மாதங்கள்தான். புகார்கள் வந்து விழுந்தன.

கிளட்ச் வழுக்குகிறது!

இஞ்சின் அலறுகிறது, சக்கரத்துக்குப் பலம் போய்ச் சேரவில்லை. வால்வு வைத்து மிச்சம் பிடித்த எண்ணெய் கிளட்சில் வீணாகிறது. விற்ற வண்டிகளோ ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கின்றன. விடுமுறைக்குக் காத்திருந்த தொழிலாளர்களை ஹோண்டா கம்பெனி எங்கே அனுப்பியது?

(அடுத்த வாரம்)