உத்திரமேரூர் விலக்கு விதிகள்: உறுப்பினர் ஒழுக்கமும் உயிர்க்காப்பும்

முதலாம் பராந்தக சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 921) உத்திரமேரூர்ச் சபையார் வெட்டுவித்த வாரிய (ஊர் நிர்வாகக் குழு) உறுப்பினர் தேர்வு விதிகளைப் பற்றி இரு தரப்பார் நெடுநாளாக வழக்காடி வருகிறார்கள். ஒரு தரப்புக்கு அது குடியாட்சியின் பிறப்புச் சான்று. மறு தரப்புக்கு, நிலமும் வேதமும் உடைய பிராமண ஆடவர் தமக்குள் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொண்ட ஏற்பாடு. இரண்டாம் தரப்பே பெரிதும் சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு செய்தியில் மட்டும் இரு தரப்பாரும் மாறுபட்டதே இல்லை. குடத்திலிட்டு எடுக்கும் ஓலையில் யார் யார் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லும் விலக்குப் பட்டியல், தனிமனிதனின் தூய்மையை அளக்கும் பட்டியல் என்பதே அது. போற்றுவோர் அதை நேர்மைக்குச் சான்றாக எடுத்துக்காட்டுகிறார்கள்; மறுப்போர் தீட்டுக் கோட்பாட்டுக்குச் சான்றாக எடுத்துக்காட்டுகிறார்கள். இந்தப் பொது நம்பிக்கை கல்வெட்டின் வாசகத்தோடு பொருந்தவில்லை என்பது என் வாதம். பட்டியலின் மைய அக்கறை ஊர்ப்பணம் ஒரு குடும்பத்தின் கையில் சிக்கிவிடக் கூடாது என்பதும், அதைக் கைப்பற்ற இன்னொருவன் துணியக் கூடாது என்பதும்தான். ஒழுக்க விதி என்று நாம் படிப்பது, அந்த அளவில், காப்பு விதியும் ஆகும்.

முதலில் இந்தச் சாசனத்தையும் இதற்கு இரண்டாண்டு முந்தியதையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 12ஆம் ஆட்சியாண்டுச் சாசனம் (919) உறவினரைப் பற்றிச் சொல்வது சுருக்கமானது. வாரியம் செய்து ஒழிந்தவர்களுக்கு நெருங்கிய உறவினராக இருப்பவரைத் தெரிந்தெடுக்கக் கூடாது என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது. யார் நெருங்கிய உறவினர் என்று சொல்லவில்லை. இரண்டே ஆண்டில் எழுந்த அடுத்த சாசனம் அந்த இடைவெளியை அடைக்கிறது. அதுவும் எப்படி? சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயின் உடன்பிறந்தான், தந்தையின் உடன்பிறந்தான், தன் உடன்பிறந்தான், பெண் கொடுத்த மாமன், மனைவியின் உடன்பிறந்தான், சகோதரியின் கணவன், சகோதரியின் மக்கள், மருமகன், தகப்பன், மகன் என ஒவ்வொரு உறவாக எண்ணி எழுதுகிறது. பங்காளி வழி, சம்பந்தி வழி இரண்டையும் அது விடவில்லை. சட்டத்தில் ஒரு சொல்லின் எல்லையை இவ்வளவு நுணுக்கமாக வரையறுக்கிறார்கள் என்றால், முந்தைய தளர்ந்த வாசகத்துக்குள் யாரோ புகுந்து வெளியே வந்திருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். அது ஊகமே, ஆனால் இரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரு சபை தன் விதியைத் திருத்தி மீண்டும் கல்லில் வெட்டியதற்கு இதைவிட எளிய விளக்கத்தை நான் கண்டதில்லை.

இனி முக்கியமான இடம். இந்த நீண்ட உறவுப் பட்டியல் யாருக்காக எழுதப்பட்டது? வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்காக. கணக்குக் காட்டாதவனும் அவனுடைய இத்தனை உறவினரும் ஓலையில் இடம்பெறக் கூடாது என்பதே விதி. அதன் பிறகுதான் மகாபாதகம் செய்தவர்கள் வருகிறார்கள். அவர்களுடைய உறவினரைக் குறிக்க, மேலே சொன்ன உறவினர் என்று பின்னோக்கிச் சுட்டினாலே போதும் என்று கல்வெட்டு விட்டுவிடுகிறது. தூய்மையே பட்டியலின் அடிப்படை என்றால் வரிசை தலைகீழாக இருந்திருக்கும். பாதகனே முதலில் நின்றிருப்பான். கணக்குக் குற்றம் பின்னால் ஒட்டியிருக்கும்.

இன்னொரு சான்று இதைவிட வலியது. பிறர் பொருளைக் கவர்ந்தவனும், வன்செயலுக்குத் துணிந்த சாகசியரும் விலக்கப்படுகிறார்கள். ஆனால் அவர்களுடைய உறவினர் விலக்கப்படவில்லை. குற்றத்தின் கறை இரத்தத்தில் தொடரும் என்பதே கோட்பாடாக இருந்திருந்தால் திருடனின் மகனைச் சபை ஏன் விட்டுவைத்தது? திருடனின் குடும்பத்திடம் ஊர்க்கணக்கு இல்லை. கணக்குக் காட்டாத வாரியனின் குடும்பத்திடம் இருக்கிறது. பணம் தேங்கும் இடத்தையே இவ்விதி அடைக்கிறது. மகாபாதகனின் உறவினர் ஏன் சேர்க்கப்பட்டார்கள் என்று கேட்பார்கள். அந்த ஓரிடத்தில் தீட்டுக் கோட்பாடு வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஓர் உறுப்பை வைத்து முழு உடலுக்கும் பெயர் சூட்ட வேண்டியதில்லை.

பிராயச்சித்தம் பற்றிய பகுதிதான் தூய்மைக் கொள்கைக்கு நேரே குறுக்கே நிற்கிறது. வீழ்ந்தவரோடு கூடியதால் வீழ்ந்தவன் பிராயச்சித்தம் செய்யும் வரையில் மட்டும் விலக்கப்படுகிறான். செய்தபின் அவன் பெயர் எழுதப்படலாம். இங்கே சடங்கு தகுதியை மீட்டுத் தருகிறது. ஆனால் ஊருக்குக் கண்டகனாகி, அதாவது ஊரை நோகடிப்பவனாக அறியப்பட்டு, பிராயச்சித்தம் செய்து தூயவனாகிவிட்டவன், சாகும் வரை ஓலையில் ஏற முடியாது. தூயவன் ஆகிவிட்டான் என்பதைக் கல்வெட்டே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டும் கதவைச் சாத்துகிறது. சடங்கு முறையில் அவனைப் பற்றிச் சொல்ல இனி எதுவும் இல்லை. ஊருக்கு அவனால் ஆபத்து என்ற ஒரே காரணம்தான் எஞ்சுகிறது. தூய்மையை அளவுகோலாகக் கொண்டவர்கள் இந்த வாசகத்தை எப்படிக் கடந்து போனார்கள் என்று நான் வியப்பதுண்டு.

தேர்வு நடக்கும் முறையையும் இந்த ஒளியில் காண வேண்டும். ஊரின் பகுதிகளான 30 குடும்புகளிலிருந்தும் ஓலைகள் கட்டுக் கட்டாக வருகின்றன. கோயில் அர்ச்சகரான நம்பிமார் ஒருவரையும் விடாமல் உள் மண்டபத்தில் இருத்தப்படுகிறார்கள். அவர்களுள் முதியவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்குகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கிறான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து அதை ஏற்று வாசிக்கிறான். நம்பிமாரும் ஒவ்வொருவராக அதையே வாசிக்கிறார்கள். இவற்றை மோசடித் தடுப்பாக மட்டுமே படிப்பது வழக்கம். ஆனால் இதில் மிரட்டத்தக்க ஆள் ஒருவரும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். முடிவெடுத்தவர் யாருமில்லை; சிறுவனை மிரட்டியும் பயனில்லை. பதவியோ 360 நாள். ஒருமுறை இருந்தவர் அடுத்த மூன்றாண்டுக்கு வர முடியாது. ஆண்டு வாரியமும் தோட்ட வாரியமும் பன்னிரண்டு பன்னிரண்டு பேர். ஏரி வாரியத்தில் ஆறு பேர். ஒருவனை வீழ்த்தினாலும் ஏரி கைக்கு வராது.

கல்வெட்டில் கொலையோ மிரட்டலோ பதிவாகவில்லையே என்பது எதிர்பார்க்கத்தக்க மறுப்பு. ஊரில் தீயோர் கெட்டு மற்றவர் தழைக்க இவ்வியவஸ்தை செய்தோம் என்று சபையாரே முடிவில் சொல்லியிருக்கும்போது, தீயோர் என்ன செய்தார்கள் என்ற பட்டியலைக் கல்லில் எதிர்பார்ப்பது ஆவணத்தின் இயல்பை மறப்பதாகும். இதற்குமேல் அந்த மறுப்பில் நிற்க நான் விரும்பவில்லை.

இந்தப் படிப்பு ஏன் இப்போது தேவைப்படுகிறது என்பதற்குச் சென்னையின் மேற்குப் புறம் விடை தருகிறது. 2023 ஏப்ரல் 27 இரவு, பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டையில், வளர்புரம் ஊராட்சித் தலைவர் பி.பி.ஜி. சங்கர் நாட்டு வெடிகுண்டு வீசித் தாக்கப்பட்டு, வெட்டிக் கொல்லப்பட்டார். அப்பகுதிக்குப் பொறுப்பான ஆவடி காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1ஆம் நாள் தொடங்கி ஓராண்டுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 5ஆம் நாள் பெரம்பூரில் கொல்லப்பட்ட ஆம்ஸ்ட்ராங், பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் என்றே நினைவுகூரப்படுகிறார்; அவர் முன்னாள் மாநகராட்சி உறுப்பினரும் ஆவார். அவர் உடல் ஆவடிப் பக்கம் பொத்தூரில் அடக்கம் செய்யப்பட்டது. இக்கொலைகளின் காரணங்களை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். அவற்றை என் வாதத்துக்கு நான் வளைக்கப் போவதில்லை. என் கேள்வி வேறு. இத்தகைய ஒவ்வொரு நிகழ்வுக்குப் பிறகும் பேச்சு ரோந்து, துப்பாக்கி ஏந்திய காவலர், ரவுடிப் பட்டியல் என்றே போகிறது. உறுப்பினரின் ஒழுக்கம் பற்றிய பேச்சு வேறொரு அறையில், வேறொரு துறையில், வேறொரு நாளில் நடக்கிறது. 2025 மார்ச்சில் சென்னை மாநகராட்சி உறுப்பினர் இருவரையும் தாம்பரம் மாநகராட்சி உறுப்பினர் ஒருவரையும் உசிலம்பட்டி நகராட்சித் தலைவரையும் நீக்கி அரசு ஆணையிட்டபோது எழுந்த விவாதம் அந்த இரண்டாம் அறையில் நடந்தது. நீதிமன்றத்தில் அவ்வாணைக்கு என்ன நேர்ந்தது என்பது இங்குப் பொருளன்று. ஒழுக்க விதி என்பது நம் சட்டத்தில் மேலிருந்து வரும் ஒரு நீக்க ஆணையாகவே வடிவெடுத்திருக்கிறது என்பதே பொருள்.

இந்த அறைப் பிரிப்பு இப்பகுதியில் செலவு மிக்கது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியில் கலந்தது. ஆவடி 2019இல் மாநகராட்சியானது. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை நசரத்பேட்டையையும் நெமிலிச்சேரியையும் தொட்டுப் போகிறது. வயல் மனைப்பிரிவாகும் வேகத்தில், தெருவிளக்கு, குடிநீர் லாரி, மழைநீர் வடிகால் டெண்டர், கட்டட அனுமதி என ஒவ்வொன்றும் ஐந்தாண்டுக்கு ஒரே ஒரு உறுப்பினரின் கதவைத் தட்ட வைக்கிறது. அவருக்குச் சட்டப்படி உள்ள அதிகாரம் சிறியது என்பது உண்மை. ஆனால் தடுக்கும் ஆற்றல் பெரியது. அதற்கு ஊரில் விலையும் உண்டு. ஒருவரிடம் ஐந்தாண்டு குவிந்திருக்கும் அந்த விலைதான் பதவியைப் பறிக்கத்தக்க பொருளாக்குகிறது. உத்திரமேரூர்ச் சபை குறைக்க முயன்றது இதையே.

ஒழுக்கமும் காப்பும் ஒரே விதியில் வருவது பழங்காலத்துக்கே உரிய விந்தை என்று எண்ணுபவர்கள் இங்கிலாந்தின் 2011ஆம் ஆண்டு லோக்கலிசம் சட்டத்தின் 32ஆம் பிரிவைப் பார்க்கலாம். அங்கு உறுப்பினர் தம் சொத்து, தொழில் நலன்களைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். அதை வெளியிட்டால் தமக்கோ தம்மோடு தொடர்புடையவருக்கோ வன்முறையோ மிரட்டலோ நேரக்கூடும் என்று அவரும் பொறுப்பு அலுவலரும் கருதினால், மக்கள் பார்வைக்கு வைக்கும் படியில் அந்த விவரம் இடம்பெறாது. அலுவலரிடம் அது இருக்கும், ஒளிவு இல்லை. நம்மிடமோ வேட்பாளரின் வீட்டு முகவரியும் சொத்தும் பிரமாணப் பத்திரத்தில் ஊரறியக் கிடக்கின்றன. வென்றபின் யார் பெயரில் எந்த ஒப்பந்தம் ஓடுகிறது என்பது மட்டும் கிடைப்பதில்லை. வெளிச்சம் தேவையற்ற இடத்தில் விழுந்து, தேவையான இடத்தை இருட்டில் விட்டிருக்கிறது.

என் வாதத்துக்கு உண்மையான எல்லை ஒன்று உண்டு. அதை மேலே சொன்ன மறுப்பைப் போலத் தள்ளிவிட முடியாது. 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் ஐவரும் கொல்லப்பட்டது அவர்கள் செய்த எதற்காகவும் அன்று. தலித் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்ததற்காக. 2020 ஆகஸ்ட் 15 அன்று ஆவடி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் ஒருவர் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். சில நாளில் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். இவ்வகை வன்முறைக்கு உறவினர் விலக்கும் கணக்குச் சுத்தமும் மருந்தாகா. உத்திரமேரூர் ஏற்பாடு வேலை செய்ததற்கே காரணம், குடத்துக்குள் போகும் எல்லா ஓலையும் ஏறத்தாழ ஒரே தகுதி, ஒரே சாதி, ஒரே பாலினம் என்று முன்கூட்டியே கழித்துக் கட்டப்பட்டிருந்ததுதான். யார் அமர்கிறார் என்பதற்காக வரும் வன்முறையையும், அமர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்காக வரும் வன்முறையையும் நாம் பிரித்தே பேச வேண்டும். கல்வெட்டு இரண்டாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. முதலாவதில் அதுவே குற்றவாளிகள் பக்கம் நிற்கிறது.

இரண்டாவதைப் பொறுத்தவரை அதன் உறவுப் பட்டியல் இன்றும் கூரானது. ஒப்பந்தத்தில் உறுப்பினருக்குப் பங்கு இருக்கக் கூடாது என்பது பழைய மாநகராட்சிச் சட்டங்களிலிருந்தே தொடரும் விதி. ஆனால் மனைவி கவுன்சிலராக, கணவர் வார்டை நடத்துவதும், மைத்துனர் பெயரில் வேலை எடுக்கப்படுவதும் நம் ஊர்களில் யாருக்கும் புதுச்செய்தி அன்று. 50 விழுக்காடு மகளிர் இட ஒதுக்கீடு வந்தபின் இது கூடியது என்று ஒதுக்கீட்டின் மேல் பழி போடுவோர் உண்டு. பழி உறவை வரையறுக்காத விதியின் மேல்தான் விழ வேண்டும். 919ஆம் ஆண்டுச் சாசனம் விட்ட அதே இடைவெளியில் நாம் நிற்கிறோம். ஆவடி மாமன்றத்தின் 48 உறுப்பினரும் தம் மாமன், மைத்துனன், மருமகன், சகோதரியின் கணவன் எடுத்த வேலைகளைப் பெயர் சொல்லி ஆண்டுதோறும் மன்றத்தில் வாசிக்க வேண்டும் என்று ஒரு விதி எழுதினால், முதலில் எதிர்ப்பவர்கள் யார் என்பதை ஊகிப்பது கடினமன்று. அவர்களுள் சிலர், இன்று தம் வீட்டு வாசலில் நிற்கும் காவலருக்காக மனுப் போட்டவர்களாகவும் இருக்கலாம்.