உப்புநீருக்கு அப்பால்: கடல் கடத்தப்பட்ட பாளையத்தார்

போடிநாயக்கனூருக்கு மேற்கே நிமிர்ந்து நிற்கும் ஏலமலையை நாள்தோறும் காண்பவர் நாம். விடியற்காலையில் ஜீப்புகளில் நெருங்கியமர்ந்து, போடிமெட்டுச் சாலை வழியே ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் நம் மக்கள் பலர் அந்திக்குள் இல்லம் திரும்பிவிடுகின்றனர். மலை, தன்னிடம் வந்தவரைத் திருப்பித் தந்துவிடுகிறது. திருப்பித் தராத கடலின் மீது அனுப்பப்பட்ட தமிழர் சிலரை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடு கடத்தல் என்றதும் உலக வரலாறு ஆஸ்திரேலியாவையே முதலில் சுட்டும். 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,62,000 கைதிகளைப் பிரிட்டன் அக்கண்டத்துக்குக் கப்பலேற்றியது. துணி திருடியவனும், ஆடு திருடியவனும், அயர்லாந்துக் கிளர்ச்சியாளனும் அக்கப்பல்களில் ஒன்றாகச் சென்றனர். தண்டனை ஏழாண்டு, பதினான்காண்டு அல்லது ஆயுள். அக்கைதியின் பெயர், வயது, தொழில், கண்ணின் நிறம், உடலின் தழும்பு ஆகிய அனைத்தும் பதிவேட்டில் ஏறின. ஒரு காலத்தில் மறைக்கப்பட்ட அம்மூதாதையரை, அவர்தம் கொள்ளுப்பேரர்கள் இன்று பெருமையோடு தேடி எடுக்கின்றனர்.

அதே தண்டனையைக் கம்பெனியார் இந்தியருக்கும் விதித்தனர். சுமத்திராவின் பென்கூலனும், 1786இல் கம்பெனியின் கைக்கு வந்த பினாங்குத் தீவும் அதற்கு இடமாயின. மிளகும் சாதிக்காயும் கிராம்பும் பயிரிட விழைந்த அம்மண்ணில் காடழிக்கவும் பாதையமைக்கவும் கைகள் தேவைப்பட்டன. நறுமணப் பயிரின் பின்னே வியர்வை மணக்கும் என்பதை ஏலமலை அடிவாரத்தில் வாழும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

நம் போடி, திண்டுக்கல் சீமையின் பாளையங்களுள் ஒன்று. 1792இல் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் அச்சீமை கம்பெனியார் வசமாயிற்று. அதன்பின் தென்பாளையங்களில் மூண்ட தீ, 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட பின்னரும் அடங்கவில்லை. 1801இல் விருப்பாச்சி கோபால நாயக்கரும், திருப்பத்தூரில் மருது சகோதரரும், பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையும் தூக்குமரம் ஏறினர். நாம் பாடும் வரலாறு பெரும்பாலும் இங்கு முடிந்துவிடுகிறது.

ஆனால் வரலாறு முடியவில்லை. 1802ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எழுபதுக்கு மேற்பட்ட கிளர்ச்சியாளர் தூத்துக்குடித் துறையில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு அனுப்பப்பட்டனர். சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையத் தேவர் அவர்களுள் ஒருவர். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி மற்றொருவன். மீசை அரும்பும் பருவத்தினன்.

அவனைப் பற்றிய சான்று, பகைவரின் படையில் பணியாற்றிய ஒருவரது நூலிலிருந்து கிடைக்கிறது. ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரி, 1830இல் வெளியிட்ட தம் போர் நினைவுகளில், வேல் எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுத் தந்தவர் சின்ன மருதுவே என நன்றியோடு எழுதுகிறார். ஆசானின் குடும்பத்தை அழித்த போரிலும் அவர் பங்கு கொண்டார். ஆண்டுகள் பல கழிந்து, 1818இல் அவர் பினாங்கு சென்றபோது, உடல் தளர்ந்த ஒருவன் எதிரே வந்து நின்றான். அடையாளம் தெரியவில்லை. பெயரைக் கேட்டார். துரைச்சாமி என்று விடை வந்தது. அகவை முப்பதைச் சற்றே கடந்தவனைக் கிழவனாக்கியிருந்தது அத்தீவு.

பின்வந்த கைதிகளின் கதை இதனினும் மங்கலானது. 1825 முதல் சிங்கப்பூரும் இந்தியக் கைதிகளின் இடமாயிற்று. சாலைகளும் அரசு மாளிகையும் அவர்கள் உழைப்பால் எழுந்தன. 1862இல் அர்ச்சிக்கப்பட்ட புனித அந்திரேயா பேராலயத்தைக் கட்டியவரும் அவர்களே. அதன் சுவர்களுக்குப் பூசியது, சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்துக் குழைத்த சென்னைச் சாந்து. நம் கொத்தர் கைப்பக்குவம் அங்கே வெண்மையாய் ஒளிர்கிறது. குழைத்த கையின் பெயரைச் சுவர் சொல்லவில்லை. 1873இல் அக்கைதிச்சிறை மூடப்பட்டது.

தூக்குமரம் ஒரு கணத்தில் வீரனைக் காவியமாக்கிவிடுகிறது. கும்மியும் அம்மானையும் மருதிருவரைக் கொண்டாடியது அதனால்தான். தீவில் பதினாறு ஆண்டுகள் மெல்ல மெல்ல மூப்படைந்தவனுக்கு அத்தகைய உச்சக்கணம் ஏதுமில்லை. ஆகவே பாட்டும் எளிதில் வாய்ப்பதில்லை. எனினும் அவன் பட்டதும் நாட்டின் பொருட்டே.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் கவிஞர் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். வீழ்ந்தவரைப் பாடினோம், இனித் திரும்பாதவரையும் பாடுவோம். பதிவேடு காக்க மறந்த பெயர்களைக் காப்பதும் கவிதையின் கடனே. துரைச்சாமியிடம் வெல்ஷ் கேட்ட கேள்வி, பெயர் என்ன என்பது. அதைக் கேட்க ஓர் அயலான் வர வேண்டியிருந்தது என்பதே நம் நெஞ்சில் தைக்க வேண்டிய முள்.