இராசசிம்மன் கோயில்கள்: கற்சிதைவும் பாதுகாப்பும்

முண்டியம்பாக்கம் அமைந்துள்ள விழுப்புரம் வட்டாரம் பல்லவர் கற்கோயில் கலையின் தொடக்க இடங்களுள் ஒன்று. இங்குள்ள மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுதை இன்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. அழியக்கூடிய பொருள்களைத் தவிர்த்துக் கல்லை நாடிய மரபு இது. எனினும் கல்லும் சிதையும். இரண்டாம் நரசிம்மவர்மன் என்னும் இராசசிம்மன் (சுமார் கி.பி. 700–728) எழுப்பிய கோயில்கள் இதற்குச் சான்று. அவன் இதே மாவட்டத்தில் பனைமலைத் தாளகிரீசுவரர் கோயிலையும், காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோயிலையும், மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலையும் கட்டினான்.

காஞ்சி: மணற்கல்

கைலாசநாதர் கோயிலின் அடித்தள வரிசைகள் கருங்கல்லால் ஆனவை, மேற்பகுதி மணற்கல். மணற்கல் செதுக்க எளிது. ஆனால் மழையிலும் வெயிலிலும் மணிமணியாக உதிரும். தேய்ந்த சிற்பங்களின் மேல் பிற்காலத்தில் சுதை பூசினர். அதனால் பல சிற்பங்களின் பல்லவர்கால முகமும் அணியும் மறைந்தன. சில இடங்களில் புதிய உருவமே தோன்றிவிட்டது. 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் இக்கோயிலில் பல்லவர் ஓவியங்களைக் கண்டறிந்த பின்னரே அவற்றின் அருமை வெளியுலகிற்குத் தெரிந்தது.

மாமல்லபுரம்: கடல் உப்பு

கடற்கரைக் கோயில் கடினமான கருங்கல்லால் கட்டப்பட்டது. ஆயினும் உப்புக்காற்று அதையும் அரித்தது. காற்றின் ஈரத்தோடு கல்லின் நுண்துளைகளில் புகும் உப்பு, உலரும்போது படிகமாகிப் பருத்து மேற்பரப்பை உடைக்கிறது. காற்றில் வரும் மணலும் சிற்பங்களைத் தேய்க்கிறது.

இந்தியத் தொல்லியல் துறை இங்கு இருவழிகளைக் கையாண்டது. அலைகளைத் தடுக்கக் கற்குவியல் அரண் அமைத்து, காற்றை மட்டுப்படுத்தச் சவுக்கு மரங்களை நட்டது முதல் வழி. இரண்டாவது, காகிதக்கூழ்ச் சிகிச்சை. தூய நீரில் ஊறிய கூழைக் கல்லின்மேல் அப்பினால், அது உலரும்போது உப்பைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். பின் கூழை உரித்துவிடலாம். உப்பின் அளவு குறையும்வரை இது திரும்பத் திரும்பச் செய்யப்படுகிறது. மாமல்லபுரச் சின்னங்கள் 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

பாதுகாப்பின் நெறி

கூழ் கல்லிலிருந்து உப்பை மட்டும் எடுக்கிறது. செதுக்கிய வடிவத்தைத் தொடுவதில்லை. சுதைப்பூச்சோ மூல வடிவத்தையே மறைத்துவிடுகிறது. திருப்பணிகளில் கல்லைப் பளிச்சிடச் செய்யும் மணல்வீச்சு முறை அதைவிடத் தீங்கானது. அழுக்கோடு உளித்தடத்தையும் கல்வெட்டு எழுத்தையும் அது தேய்த்துவிடும். சுதையைப் பின்னாளில் கவனமாக நீக்க முயலலாம். தேய்ந்த எழுத்தை மீட்க வழியில்லை. கல்வெட்டே முதன்மைச் சான்றாக உள்ள பல்லவர் வரலாற்றில் ஒரு வரி அழிவது ஓர் ஆவணம் அழிவதற்கு ஒப்பாகும்.