பானை முதல் படகு வரை: விரிசலை அறிந்த வரலாறு

சந்தையில் பானை வாங்கும் பாட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? பானையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கை விரலை மடக்கி நாலு பக்கமும் தட்டுவார். 'கணீர்' என்று ஒலித்தால் விலை பேசுவார். 'பொத்' என்று ஒலித்தால் பேசாமல் கீழே வைத்துவிடுவார். கண்ணுக்குக் கீறல் எதுவும் தெரியாவிட்டாலும் அவர் ஏமாறுவதில்லை.

களிமண்ணுக்கும் சூளைக்கும் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் இந்தத் தட்டல் ஒலி புதிதல்ல. அகல் விளக்கும் பொம்மையும் மின்காப்பான்களும் செய்யும் பீங்கான் தொழிலில், வெந்த பொருளில் விரிசல் உண்டா என்பதே முதற் கேள்வி. இதே கடலூர் மாவட்டத்தின் கடற்கரையில் பழைய படகு வாங்குகிறவரும் அதே கேள்வியோடுதான் நிற்கிறார். படகின் அடியில், ஏரா எனப்படும் அடிக்கட்டையின் ஓரமாக ஒரு கீறல் ஓடுகிறது. அது வெறும் பூச்சில் உள்ளதா, உள்ளே இறங்கியதா? பானை உடைந்தால் சோறு போகும்; நடுக்கடலில் ஏரா கழன்றால் உயிர் போகும்.

இக்கேள்விக்கு விடை காண மனிதன் பட்ட பாடு சுவையான வரலாறு.

ஒலி சொல்வது என்ன?

நன்கு வெந்த பானையைத் தட்டினால் அதன் சுவர் முழுவதும் ஒன்றாக அதிர்கிறது. அதிர்வு சற்று நேரம் நீடிக்கிறது. விரிசல் இருந்தால் அதன் இரு முகங்களும் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வின் ஆற்றலை விழுங்கிவிடுகின்றன. ஒலி மங்குகிறது. இதே முறையில்தான் இரயில் நிலையங்களில் ஊழியர்கள் நீண்ட சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிப் பார்த்து வந்தார்கள். விருத்தாசலம் சந்திப்பில் வண்டி ஏறிய பழந்தலைமுறையினருக்கு அந்த ஓசை நினைவிருக்கலாம்.

ஆனால் தட்டல் ஒன்றை மட்டுமே சொல்லும்: விரிசல் இருக்கிறதா, இல்லையா என்பதை. அது வளருமா என்பதைச் சொல்லாது. அந்தக் கேள்வியை உலகின் முன் வைத்தது ஒரு கோர விபத்து.

முறிந்த இருசு

1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், வெர்சேல்ஸிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய இரயில் வண்டியின் எஞ்சினில் இருசு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த இருசு அன்றுவரை அதே சுமையைத் தாங்கி ஓடிக்கொண்டிருந்ததுதான். பின் ஏன் முறிந்தது?

அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின், இருசின் பருமன் திடீரென மாறும் மூலைகளில் விரிசல் தோன்றி, நாளடைவில் உள்நோக்கி வளர்வதை எடுத்துக்காட்டினார். பின்னர் பிரஷ்ய இரயில்வேயைச் சேர்ந்த வோலர், இருசுகளைத் திரும்பத் திரும்பச் சுழற்றிச் சோதித்தார். ஒரே முறை தாங்கும் சுமையை இலட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கினால் உலோகம் முறியும் என்று காட்டினார். இதுவே 'உலோகக் களைப்பு'. படகின் அடிப்பகுதிக்கும் இது பொருந்தும். ஒவ்வோர் அலையும் ஒரு தடவை ஏற்றி இறக்கும் சுமையல்லவா?

இருசில் மறைந்திருக்கும் விரிசலைக் காண இரயில்வே பட்டறைகளில் ஓர் எளிய உத்தியும் பிறந்தது. இரும்பை எண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, மேலே சுண்ணத் தூளைப் பூசுவார்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பூச்சில் கறையாகத் தெரியும். பீங்கான் மின்காப்பான் சோதனையிலும் இதற்கு ஓர் உறவு முறை உண்டு. உடைத்த துண்டுகளைச் செஞ்சாயக் கரைசலில் மிகுந்த அழுத்தத்தில் வைப்பார்கள். சாயம் உள்ளே இறங்கியிருந்தால் அந்தப் பீங்கான் சரியாக இறுகவில்லை என்று பொருள்.

கண்ணாடி கற்பித்த பாடம்

துணிக் கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் சிறு வெட்டு வெட்டிவிட்டு இரு கையாலும் இழுக்கிறார். துணி நேராகக் கிழிகிறது. வெட்டு இல்லாமல் அதைக் கிழிப்பது எளிதா? விசை முழுவதும் வெட்டின் நுனியில் குவிவதே காரணம். துளையின் நுனி கூராகக் கூர, அங்கே தகைவு பல மடங்கு பெருகும் என்பதை இங்கிலிஸ் என்பவர் 1913இல் கணக்கிட்டுக் காட்டினார்.

இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமான ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய கிரிஃபித், கண்ணாடியை எடுத்துக்கொண்டார். 1920இல் அவர் முடித்த ஆய்வு விரிசல் இயலுக்கே அடித்தளமாயிற்று. விரிசல் வளர்ந்தால் புதிய பரப்பு உண்டாக வேண்டும். அதற்கு ஆற்றல் தேவை. இழுபட்ட பொருள் தளர்வதால் வெளிப்படும் ஆற்றல் அதற்குப் போதுமானதாகிவிட்டால் விரிசல் தானே பாயும். விரிசலின் நீளம் 4 மடங்கானால், அது பாய்வதற்கு வேண்டிய தகைவு பாதியாகக் குறையும். ஆகவே நேற்றுத் தாங்கியது இன்றும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

துறையிலேயே பிளந்த கப்பல்

1943 ஜனவரி 16ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில், சோதனை ஓட்டம் முடித்த 'ஷெனெக்டடி' என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் துறையில் கட்டப்பட்டிருந்தது. புயலில்லை, அலையில்லை. குளிர் மட்டும் கடுமை. திடீரென்று பேரொலியுடன் மேல்தளமும் இரு பக்கங்களும் பிளந்து கப்பல் ஏறக்குறைய இரண்டாயிற்று.

அப்போரின்போது அவசரமாகக் கட்டப்பட்ட 2,700க்கும் மேற்பட்ட 'லிபர்ட்டி' சரக்குக் கப்பல்கள் பலவற்றிலும் விரிசல்கள் கண்டன. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்னும் பெண் விஞ்ஞானி காரணத்தை ஆராய்ந்தார். அந்த எஃகு குளிரில் தன் இழுபடும் தன்மையை இழந்து, பீங்கான்போல நொறுங்கக்கூடியதாக மாறியது என்று கண்டார். தவிர, பழைய கப்பல்களில் தகடுகள் தறையாணியால் பிணைக்கப்பட்டிருந்தன. விரிசல் ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிடக்கூடும். பற்றவைத்த கப்பலோ ஒரே தகடு போன்றது. விரிசலைத் தடுக்க வேலியில்லை.

மேற்பூச்சும் உட்சுவரும்

இனிப் படகுக்கு வருவோம். சில பீங்கான் கோப்பைகளின் மேல் வலைபோல் மெல்லிய கீறல்கள் இருக்கும். சூளையிலிருந்து ஆறும்போது மேலுள்ள மெருகு, உள்ளுடலைவிட அதிகமாகச் சுருங்குவதால் இழுபட்டு வெடிக்கிறது. கண்ணாடி இழைப் படகிலும் இப்படியே மேலே ஒரு மெல்லிய பிசின் பூச்சு உண்டு. அடிபட்ட இடத்தில் நட்சத்திரம்போல் விரியும் மயிரிழைக் கீறல்கள் பல சமயம் அப்பூச்சோடு நின்றுவிடும்.

கனத்த ஏராவை அடியில் மரையாணிகளால் முடுக்கிய பாய்மரப் படகுகளில் கதை வேறு. 2014 மே மாதம், ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து திரும்பிய 'சீக்கி ரஃபிக்கி' என்னும் படகு அட்லாண்டிக்கில் ஏராவை இழந்து கவிழ்ந்தது; அதிலிருந்த நால்வரும் மாண்டனர். முன்பு தரைதட்டியதும், அதன்பின் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து அடிப்பகுதியைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது பிரிட்டிஷ் விசாரணை. உள்ளே பசையால் ஒட்டிய சட்டம் வெளியே தெரியாமல் பெயர்ந்துவிடக்கூடும் என்றும் அது எச்சரித்தது.

வாங்குவோர் கவனத்திற்கு

இந்த வரலாற்றிலிருந்து சில கேள்விகள் கிடைக்கின்றன. கீறல் ஏராவும் உடலும் சேரும் கோட்டில் நீளமாக ஓடுகிறதா? அடைத்துப் பூசிய பிறகும் அதே இடத்தில் மீண்டும் திறந்திருக்கிறதா? அங்கிருந்து துருநீர் கசிகிறதா? உள்ளே மரையாணிகளைச் சுற்றியும் சட்டத்தின் ஒட்டிலும் வெடிப்பு உண்டா? படகு எப்போதாவது பாறையிலோ மணல்திட்டிலோ மோதியதா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும், தேர்ந்த பரிசோதகர் பார்க்கும்வரை முன்பணம் கொடுக்கலாகாது.

நம் கரையோர மீன்பிடிக் கண்ணாடி இழைப் படகுகளில் ஏரா உடலோடு சேர்ந்தே வார்க்கப்படுகிறது. ஆணி கழலும் அச்சமில்லை. ஆனால் மணலில் இழுத்து இழுத்துத் தேய்ந்த இடத்தில் இழை அடுக்குகள் பிரியலாம். அங்கே சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், அடுக்கு பிரிந்த இடத்தில் ஒலி மங்கும். மீயொலிக் கருவி வந்துவிட்ட இந்நாளிலும் படகுப் பரிசோதகர்கள் கையில் சுத்தியல் இருக்கிறது. பாட்டி பானையில் செய்ததையே அவர்கள் படகில் செய்கிறார்கள். ஒலி மங்கிய இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டு, இந்த விரிசல் இனி வளருமா என்ற அடுத்த கேள்விக்குப் போகிறார்கள்.