மண்டபம் முகாமும் நோயின் பெயர்கொண்ட ஒரு பாடலும்

மாயா அருள்பிரகாசம் (எம்.ஐ.ஏ.) 2006-இல் வெளியிட்ட 'பேர்ட் ஃப்ளூ' மூன்றரை நிமிடம்கூட நீளாத பாடல். மெட்டு என்று பற்றிக்கொள்ள அதில் அதிகமில்லை. தாளமே அதன் உடல். உறுமி மேளத்தின் மீது மின்னணு ஒலிகளும் குழந்தைகளின் கூச்சலும் மோதுகின்றன. வளைந்த குச்சியால் தேய்க்கையில் உறுமி எழுப்பும் முனகலை இழவு வீட்டிலும் கோயில் கொடையிலும் கேட்டவர்கள் உடனே அறிவர். சபாக்கள் சேர்த்துக்கொள்ளாத வாத்தியம் அது.

இப்பாடலை இராமேசுவரம் கரையின் வரலாற்றோடு சேர்த்துக் கேட்க வேண்டும். 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் இயங்கத் தொடங்கின. அவ்வழியே இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டனர். காலராவையும் பிளேக்கையும் கொண்டுசெல்வார்களோ என்ற அச்சமே காரணம். தோட்டத்திற்கு அவர்களது உழைப்பு தேவைப்பட்டது. உடலோ ஐயத்திற்குரியதாக இருந்தது. 1983 கலவரத்திற்குப் பின் மக்கள் எதிர்த்திசையில் படகேறி வந்தபோது, அதே மண்டபம் அகதிகளின் இடைத்தங்கல் முகாமாயிற்று.

மாயா 1975-இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, சென்னையில் சில காலம் இருந்து, 1986-இல் அகதியாக லண்டன் திரும்பியவர். அமெரிக்க விசா சிக்கலால், தாயின் பெயரிட்ட 'கலா' (2007) தொகுப்பைப் பல நாடுகளில் அலைந்தே உருவாக்கினார். இப்பாடலும் அதில் உள்ளது.

வலசைப் பறவைகள் நோயைக் கொண்டுவரும் என்று அரசுகள் அஞ்சிய காலம் அது. எல்லை கடப்பவரை நோயாகக் கண்ட மண்டபத்தின் கதையை அறிந்தவர்க்கு, அத்தலைப்பு வெறும் வேடிக்கையாக ஒலிக்காது.