அற்ப உயிரின் அரண்

முத்தைப் பாராட்டினோம், முத்தை ஈன்ற சிப்பியை மறந்தோம். ஓடு திறந்து ஓடு மூடும் அற்ப உயிரென்று ஒதுக்கினோம். அந்த அற்ப உயிரும் அதன் இனமும் நமக்குக் கற்பித்த பாடம் எத்துணைப் பெரிது!

செர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் எக்கல், சிப்பியின் உறவான ஓடற்ற கடல் நத்தையின் உடலில் அவுரி நீலத்தைச் செலுத்தினார். அதன் குருதி அணுக்கள் நீலத் துகள்களை விழுங்கின. 1862இல் அதை நூலில் எழுதினார். கண்டார், ஆனால் அது காவற்பணி என்று கருதினாரில்லை. காட்சி இருந்தது, கேள்வி பிறக்கவில்லை.

கேள்வி பிறக்க இருபது ஆண்டுகள் ஆயின. 1882இல் இத்தாலியின் மெசினா நகரில், ருசிய அறிஞர் மெச்னிக்காவ், கண்ணாடி போன்ற நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் ரோசா முள்ளைக் குத்தினார். மறுநாள் காலை நகரும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன! உடலைக் காப்பவை இவையே என்றார். உலகம் உடனே ஏற்றதா? இல்லை. காப்பது குருதி நீரே, அணுவன்று என வாதிட்டனர் வல்லுநர் பலர். 1908இல்தான் அவருக்கும், குருதி நீரை ஆராய்ந்த பால் எர்லிக்குக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

நம் உடலைப் போல எதிர்ப்பொருள் ஆக்கும் ஆற்றல் சிப்பிக்கு இல்லை. அதன் படைவீரர் குருதி அணுக்களே. அணுவின் புறத்தேயுள்ள புரதங்கள் பகைக் கிருமியை உணர்கின்றன. செய்தி உள்ளே பாய்கிறது. அணு வடிவம் மாறிப் பற்றுகிறது, விழுங்குகிறது. பகை பெரிதாயின் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி மதிலாகின்றன. அவ்வாறு பற்றும் கரங்களுள் ஒன்று இன்டெக்ரின் என்னும் புரதம். நம் வெள்ளணுக்களிலும் அக்கரம் உண்டு! தாழ்ந்ததென்று நாம் தள்ளிய உயிருக்கும் நமக்கும் உள்ள உறவைப் பாரீர்!

ஆனால் பகைவனும் சூழ்ச்சி அறிவான். விப்ரியோ இனக் கிருமியொன்று, சிப்பிக் குருதியின் புரதத்தையே போர்த்துக்கொண்டு, அந்தக் கரத்தையே கதவாக்கி அணுவினுள் நுழைவதை 2011இல் ஆய்வாளர் கண்டனர். 2008 முதல் பிரான்சு நாட்டுக் கரைகளில் இளஞ்சிப்பிகள் கூட்டங்கூட்டமாய் மடிந்தன. வளர்ப்போர் வாழ்வு ஆட்டங்கண்டது. வைரஸ் முதலில் குருதி அணுக்களை வலுவிழக்கச் செய்கிறது. காவல் குலைந்ததும் கிருமிகள் புகுந்து கொல்கின்றன என்று 2018இல் தெளிவாயிற்று.

சாவுக்கு விதியைக் காரணம் காட்டியிருந்தால் இந்தத் தெளிவு வந்திருக்குமா? காண்பது கண்ணின் வேலை, 'ஏன்?' என்பது அறிவின் வேலை. வகுப்பறையில் நம் மாணவர்க்கு முதலில் கற்பிக்க வேண்டிய சொல்லும் அதுவே.